இருநூறு ஏக்கர் முதலாளி

மரக்காணம்
24-4-2006

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க.

அன்பு மகள் சகாயசெல்விக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, ஆடு இரண்டு, குட்டி ஒன்று, எல்லாரும் உடம்புக்குச் சுகம். நீயும் உன் ரூம் பிள்ளைகளும் அங்கே சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, அது கீழே வரும், தாளைத் திருப்பி முதலில் அதைப் படிக்காதே, வரிசையாகப் படி. போனில் சொல்லலாம் என்றால் பூத்தில் மீட்டர் ஓடுவதைப் பார்த்ததும் எனக்குத் திட்டவே வராது, அதனால்தான் கடிதம். ஈஸ்டர் நல்லபடியாக முடிந்தது, பூசையில் உன் அப்பா இந்த வருஷமும் பிரசங்கத்தில் தூங்கினார், ஆனால் குறட்டை இல்லை. தேர்தல் ஆட்டோ காலை ஆறு மணிக்கே மைக்கைப் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறது, ஆட்டுக்குட்டி மிரண்டு பால் குடிப்பதில்லை. வெயில் மண்டையைப் பிளக்கிறது, அதனால் உப்பு நன்றாக விளைகிறது, எங்களுக்கும் தினமும் வேலை இருக்கிறது. மகளிர் குழுவில் இந்த வருஷமும் என்னைத்தான் செயலாளர் ஆக்கினார்கள், மற்ற யாருக்கும் நோட்டில் கூட்ட நடவடிக்கை எழுத வராது. அதை எழுதி எழுதி எனக்குக் கை பழகிவிட்டது, நடுவில் எங்காவது ‘கீழ்க்கண்டவாறு தீர்மானிக்கப்பட்டது’ என்று வந்தால் சிரிக்காதே.

யுனிவர்சிட்டியைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு வழிகாட்டுகிற கைடாக உன்னை எடுத்துக்கொண்டார்கள் என்று நீ எழுதியிருந்த கடிதத்தைக் குழுக் கூட்டத்திலேயே படித்துக் காட்டினேன். அறுபது பேர் எழுதிப் போட்டதில் பன்னிரண்டு பேரைத்தான் எடுத்தார்கள் என்ற இடத்தை இரண்டு தடவை படித்தேன். நீலக் கலர் டீஷர்ட், தொப்பி, எல்லாம் சொன்னேன். மறுநாள் உப்பளத்து ரோட்டில் டீக்கடை தேசப்பன்தான் கிண்டல் செய்தான். மாமல்லபுரத்தில் வெள்ளைக்காரன் பின்னாலேயே ஓடுகிறவன்தானே கைடு, அதுக்கா இந்தப் பொண்ணு ஐதராபாத் வரைக்கும் போச்சு என்றான். உன் அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அவனுங்க பின்னால ஓடுவானுங்க, எம்பொண்ணு முன்னால நடக்குது, அதுவும் பின்பக்கமாவே நடக்குது" என்றார். வருகிறவர்களின் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே பின்பக்கமாக நடக்க வேண்டும் என்று நீ எழுதியிருந்தாயே, அதைத் தேசப்பன் நம்பவில்லை. முடியும் என்று காட்டுவதற்காக உன் அப்பா உப்பள வரப்பில் பின்பக்கமாக நடந்து, பதினைந்தாவது அடியில் பாத்திக்குள் மல்லாக்க விழுந்தார். கண்ணெல்லாம் உப்புத் தண்ணீர். அன்றைக்கு வேலை செய்த அத்தனை பேரும் பாத்தியை விட்டு வந்து பார்த்தார்கள். அதற்குப் பிறகும் விடவில்லை, தினமும் வேலை முடிந்து பத்து நிமிஷம் பழகுகிறார். நான் கேட்டால், பொண்ணு செய்றதுல என்ன கஷ்டம் இருக்குதுன்னு தெரியணும் இல்ல என்கிறார்.

இனிமேல்தான் விஷயம். போன வியாழக்கிழமை காலை பத்து மணி இருக்கும். நான் உப்புக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வரப்பில் வருகிறேன், உன் அப்பா பாத்தியில் இறங்கி உப்பு வாருகிறார். ரோட்டோரம் உப்பு அம்பாரத்துக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. வெள்ளைச் சட்டையும் தொப்பியும் போட்ட ஒரு பெரியவர் இறங்கினார், பின்னால் அவர் சம்சாரம், அதற்குப் பின்னால் உன்னைவிட இரண்டு வயது சின்னதாக ஒரு பெண். பெரியவர் பெயர் உபைதுல்லா, வாணியம்பாடியில் தோல் மண்டி வைத்திருக்கிறார். சம்சாரம் ரம்ஜான் பீவி, பெண் ஆஸிஃபா. புதுச்சேரியில் ஒரு கல்யாணத்துக்குப் போகிறவர்கள் திண்டிவனத்திலிருந்து இந்தப் பக்கம் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள். நேராகத் தேசப்பன் கடைக்குப் போய், "ராஜாங்கம் முதலாளி எங்கங்க இருப்பாரு?" என்று கேட்டிருக்கிறார். தேசப்பனுக்கு வாயில் இருந்த டீ மூக்கில் வந்துவிட்டது. அங்கிருந்தே, "டேய் ராஜாங்கம், முதலாளியத் தேடி கார் வந்திருக்குதுடா" என்று ஒரு கத்தல்.

உன் அப்பா முழங்கால் வரைக்கும் சேறோடு, கிழிந்த பனியனும் தலையில் துண்டுமாகப் போய் நின்றார். பெரியவர், "முதலாளிய வரச் சொல்லுப்பா" என்றார். இவர், "நான்தாங்க ராஜாங்கம்" என்றார். பொய்யா? இல்லை. ஆனால் அந்த மனுஷன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. இரண்டு கையாலும் உன் அப்பாவின் உப்புக் கையைப் பிடித்துக்கொண்டு, "மாஷா அல்லா, இருநூறு ஏக்கர் வச்சிக்கினு பாத்தியில எறங்கி வேலை செய்றீங்களே, எங்க ஊர் முதலாளிங்க ஏசி ரூம விட்டு வெளிய வர மாட்டாங்க" என்றார். யாரைச் சொல்கிறார் என்று உன் அப்பா திரும்பிப் பின்னால் பார்த்தார். பின்னால் நான்தான் கூடையோடு நிற்கிறேன். எத்தனை வருஷமாக இந்தத் தொழில் என்று பெரியவர் கேட்டார், பதினாலு வயசுலேர்ந்து எறங்குறேங்க என்றார் இவர். "பாத்தியா ஆஸிஃபா, அடிமட்டத்துலேர்ந்து வந்தவரு" என்று பெண்ணிடம் சொல்கிறார். விடியக்காலை அஞ்சு மணிக்கெல்லாம் வந்துடுவேங்க என்றார், அதற்கும் மாஷா அல்லா. இவர் ஒவ்வொரு உண்மையாகச் சொல்லச் சொல்ல அவர் மனசில் இன்னும் பெரிய முதலாளியாக ஆகிக்கொண்டே போனார். இது எம்பொண்டாட்டிங்க என்று என்னைக் காட்டினார். வீட்டம்மாவே கூடை தூக்குகிற வீட்டுக்கு அல்லா குறை வைக்க மாட்டான் என்றார் அவர். கழுத்து வலியில் எனக்கு ஆமென் கூட வரவில்லை.

அந்தப் பெண் ஆஸிஃபா ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கதான் செல்வி அக்காவோட அம்மாவா?" என்றாள். மார்ச் மாதம் அவளும் அத்தாவும் யுனிவர்சிட்டியைப் பார்க்க வந்தார்களாம், அவர்கள் கூட்டத்துக்கு நீதான் கைடாம். நீ லைப்ரரியைக் காட்டினது, ஆலமரத்தடியில் நிற்க வைத்து ஜோக் சொன்னது, ஒரு தடவைகூடத் தடுக்காமல் பின்பக்கமாகப் படியே இறங்கினது, எல்லாம் நடந்து காட்டினாள். எனக்கு வயிறு குளிர்ந்து போயிற்று. அதற்கப்புறம் சொன்னாள். ஆரம்பத்தில் கைடு தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டுமாமே, அதில் நீ சொன்னாயாம், "எங்க அப்பா பேரு ராஜாங்கம், அவருக்கு மரக்காணத்துல இருநூறு ஏக்கர் உப்பளம், எங்க வீட்டு மாடியில நின்னு பார்த்தா கடல் வரைக்கும் வெள்ளையா தெரியும்" என்று. மாடி! அடிப் பாவி, நமக்கு ஏணியே கிடையாதே, ஓடு மாற்றத் தேசப்பன் கடை ஏணியைத்தானே வாங்கி வருகிறோம். ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் சொல்லியிருந்தால்கூட நான் சமாளித்திருப்பேன்.

சரி, அங்கேயே உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அந்தப் பெண் இன்னொன்றையும் சொன்னாள். அவ்வளவு தூரம் அனுப்பிப் படிக்க வைக்கவே அவள் அத்தாவுக்கு இஷ்டம் இல்லையாம். உன்னைப் பார்த்த பிறகுதான், இருநூறு ஏக்கர் முதலாளி வீட்டுப் பொண்ணே தைரியமா வந்து ஹாஸ்டல்ல தங்குதுன்னா நம்ம பொண்ணும் தங்கலாம் என்று ஒத்துக்கொண்டாராம். அப்ளிகேஷன் நிரப்பி வைத்திருக்கிறாளாம், அது மே பத்தாம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டுமாம். பேசும்போது அந்தக் கண்ணில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்தேன், நீ முதல் தடவை ரயில் ஏறினபோது உன் கண்ணில் இருந்தது. நான் உண்மையைச் சொன்னால் அந்தப் பெண்ணின் படிப்பு போச்சு, சொல்லாவிட்டால் நாங்களும் உன் பொய்க்குக் கூட்டு. அந்த நேரத்துக்குக் கீழ்க்கண்டவாறு தீர்மானிக்கப்பட்டது: உன் அப்பாவின் முதுகில் ஒரு கிள்ளு, வாயை மூடிக்கொண்டு முதலாளியாக இரும் என்று அர்த்தம்.

அவர் வாயை மூடினால்தானே. உப்பளத்தைச் சுற்றிப் பார்க்கலாமா என்று ரம்ஜான் பீவி கேட்டதுதான் தாமதம், மனுஷன் துண்டைத் தலையிலிருந்து எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் கிளம்பிவிட்டார். உப்பங்கழித் தண்ணீர் எப்படி உள்ளே வருகிறது, எந்தப் பாத்தியில் காய்கிறது, எந்தக் காற்று அடித்தால் உப்பு பருமனாக விளையும், மழைத் தூறல் விழுந்தால் எப்படிக் கரைந்து போகும், எல்லாம் சொல்கிறார். கல்யாணம் ஆகி இருபத்திரண்டு வருஷத்தில் அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. அதுவும் எப்படி? அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே, வரப்பின்மேல், பின்பக்கமாக! நான் பின்னால் ஜெபமாலை சொல்லிக்கொண்டே போனேன். ஒரு இடத்திலும் விழவில்லை, செல்வி. ஆஸிஃபா கை தட்டினாள், அக்கா மாதிரியே நடக்குறீங்க அங்கிள் என்றாள். உன் அப்பா முகத்தில் வந்த சிரிப்பை உனக்குப் போட்டோ பிடித்து அனுப்ப முடியவில்லையே என்று இருந்தது.

பிறகு வீட்டுக்குக் கூட்டிவந்து டீ போட்டேன். வாசலில் நின்று பெரியவர், "இது சைட் ஆபீஸுங்களா?" என்றார். உன் அப்பா, பெரும்பாலும் நாங்க இங்கதாங்க இருப்போம் என்றார். ரம்ஜான் பீவி மட்டும் அடுப்படிக்கு என் பின்னாலேயே வந்தார். என் காலைப் பார்த்தார், உப்பில் வெடித்த வெடிப்பைப் பார்த்தார், சுவரில் தொங்குகிற என் இரண்டு புடவையைப் பார்த்தார். டம்ளரைத் தானே கழுவிக் கொடுத்தார். அந்த அம்மாவுக்கு அப்போதே தெரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன்.

வெளியே உபைதுல்லா பாய் வியாபாரம் பேச ஆரம்பித்துவிட்டார். தோல் கெடாமல் இருக்க அவர்களுக்கு லாரி லாரியாக உப்பு வேண்டுமாம், இனிமேல் புரோக்கர் வேண்டாம், நேராக முதலாளியிடமே எடுத்துக்கொள்கிறேன், இருபது லாரி அனுப்புங்கள் என்கிறார். உன் அப்பாவுக்கு ஒரு சைக்கிள்கூடச் சொந்தமில்லை, இருபது லாரிக்கு எங்கே போவார்? அம்பாரத்தைப் பார்த்துவிட்டுப் பேசலாம் என்று நான்தான் கிளப்பி மறுபடியும் ரோட்டுக்குக் கூட்டி வந்தேன். அந்த நேரம் பார்த்து நம் சிங்காரம் முதலாளி வருகிறார், வழக்கம்போல அந்தப் பழைய டிவிஎஸ் ஐம்பதில், அழுக்கு லுங்கியும் கக்கத்தில் குடையுமாக. உண்மையில் குத்தகைதாரர் அவர்தானே, வேலை நேரத்தில் நாங்கள் காரில் சாய்ந்து நிற்கிறதைப் பார்த்தால் சும்மா இருப்பாரா? ரோடு அதிரக் கத்தினார். உபைதுல்லா பாய் உன் அப்பா காதில், ஆனால் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "உங்க மேஸ்திரி ரொம்பத்தான் துள்றாரு, கொஞ்சம் கண்டிச்சு வைங்க முதலாளி" என்றார். தேசப்பன் பெஞ்சிலிருந்து கீழேயே விழுந்துவிட்டான். சிங்காரம் முதலாளி குடையைக் கீழே போட்டுவிட்டு, "யாருய்யா மேஸ்திரி?" என்றார்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. "ஐயா, இவருதாங்க முதலாளி, நாங்க இவருகிட்ட கூலி வேலை செய்றோம்" என்று சொல்லிவிட்டேன். உபைதுல்லா பாய் உன் அப்பாவைப் பார்த்து, "ஏம்பா, ஒரு மணி நேரமா முதலாளி முதலாளின்னு கூப்பிடுறேன், நீ ஏம்பா வாயத் தொறக்கல?" என்றார். அதுவரைக்கும் வாங்க போங்க, அந்த நிமிஷத்திலிருந்து ஏம்பா. நல்ல மனுஷன்தான், தெரிந்து செய்யவில்லை, ஆனாலும் அது எனக்குச் சுருக்கென்று இருந்தது. உன் அப்பா துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "எம்பொண்ணு சொல்லியிருக்குதுங்க, அத நான் எப்படிங்க இல்லன்னு சொல்றது" என்றார். சிங்காரம் முதலாளி கீழே கிடந்த குடையை எடுத்துத் தூசி தட்டிக்கொண்டார்.

ஆனால் செல்வி, அந்தப் பெண் ஆஸிஃபா என்னைப் பார்த்து மெல்லக் கேட்டாள், "அப்ப அக்கா சொன்ன மத்ததெல்லாம்?" என்று. ஹாஸ்டல் பத்திரம், வாட்ச்மேன் இருக்கிறார், டீச்சர்கள் பொண்ணுங்களை நல்லா பார்த்துக்கொள்வார்கள், இதெல்லாம் நீ சொன்னதுதானே. நான் வீராப்பாக, அது அப்பனைப் பத்தி மட்டும்தான் பொய் சொல்லிச்சு, மத்ததெல்லாம் சத்தியம் என்றேன். உபைதுல்லா பாய், "நீங்க போய்ப் பார்த்திருக்கீங்களாம்மா?" என்றார். நாங்கள் எங்கே பார்த்தோம்? எங்களுக்குத் தெரிந்த யுனிவர்சிட்டி எல்லாம் நீ எழுதின கடிதத்தில் இருப்பதுதான். அவர் ஒன்றும் கோபமாகப் பேசவில்லை, வாணியம்பாடியிலேயே காலேஜ் இருக்கும்மா, அது போதும் என்றார். அந்தப் பெண் காரில் ஏறி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டது. ரம்ஜான் பீவிதான் ஏறப் போனவர் திரும்பி வந்து என் கையில் போன் நம்பர் எழுதின ஒரு சீட்டைக் கொடுத்தார். "உங்க பொண்ண எங்க பொண்ணுகிட்ட பேசச் சொல்லுங்க, அது வாயாலயே உண்மைய சொல்லட்டும், எது நல்லா இருக்குது, எது நல்லா இல்லன்னு ஒண்ணு விடாம சொல்லட்டும், எங்க வூட்டுக்காரர நான் பாத்துக்குறேன்" என்றார். அந்த நம்பரைத் தனித் தாளில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன்.

உன் அப்பா வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. இருபது லாரி ஆர்டர் சிங்காரம் முதலாளிக்குப் போய்விட்டது, அந்தச் சந்தோஷத்தில் மேஸ்திரி என்று சொன்னதை மன்னித்துவிட்டார். இப்போது உப்பளத்தில் உன் அப்பாவுக்கு ‘இருநூறு ஏக்கர்’ என்றுதான் பெயர். இருநூறு ஏக்கர், டீ சாப்பிட வா, இருநூறு ஏக்கர், அந்தக் கூடையை எடு. அவரும் சிரித்துக்கொண்டே போகிறார். எனக்குத்தான் வருத்தம், அதை மறைக்காமல் எழுதுகிறேன். எங்களைச் சொல்ல உனக்கு வெட்கமா என்று இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. அப்புறம் யோசித்துப் பார்த்தால், போன மாதம் பேங்க் மேனேஜரிடம் நானே உன்னைக் கலெக்டருக்குப் படிக்கிறாள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். நீ எங்களைத் தூக்கி மாடியில் வைத்தாய், நான் உன்னைத் தூக்கிக் கலெக்டர் நாற்காலியில் வைத்தேன். அந்த மேனேஜரிடம் நான் நாளைக்கே போய்ச் சொல்லிவிடுகிறேன், நீ உன்னுடையதைச் சொல்லிவிடு. அந்தக் கைடு வேலையிலிருந்து நின்றுவிடலாமா என்று மட்டும் யோசிக்காதே, ஆஸிஃபா நடந்து காட்டினதை வைத்துச் சொல்கிறேன், நீ நன்றாகச் செய்கிறாய்.

இன்னொன்று. ‘மத்ததெல்லாம்?’ என்று அந்தப் பெண் கேட்ட கேள்வி அதோடு போகவில்லை, என் மனசிலும் உட்கார்ந்துகொண்டது. மூன்று வேளையும் சாப்பிடுகிறேன் என்று எழுதுகிறாயே, சாப்பிடுகிறாயா? ரூம் பிள்ளைகள் எல்லாரும் என்னோடு பிரியமாக இருக்கிறார்கள் என்று எழுதினாயே, இருக்கிறார்களா? இல்லாவிட்டால் இல்லை என்று எழுது. எங்களால் அங்கே ஓடி வந்து ஒன்றும் செய்ய முடியாதுதான், ஆனால் தெரிந்து வைத்துக்கொண்டு வேண்டிக்கொள்வோம்.

மே பத்தாம் தேதிக்கு முன்னால் ஆஸிஃபாவுக்குப் போன் செய்ய வேண்டும், மறக்காதே, கடிதம் கிடைத்த அன்றைக்கே செய்தால் நல்லது. இதையெல்லாம் உனக்கு எழுத வேண்டாம், பிள்ளை மனசு நோகும் என்று உன் அப்பா சொல்லியிருக்கிறார், நான் ஆட்டுக்குட்டியைப் பற்றித்தான் எழுதுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார், நீ காட்டிக்கொடுத்துவிடாதே. ஐப்பசி மழை வந்துவிட்டால் உப்பளத்தில் வேலை இருக்காது, அப்போது நாங்கள் இரண்டு பேரும் ரயில் ஏறி அங்கே வருவதாக இருக்கிறோம். எங்களுக்காகத் தனியாக ஒன்றும் செய்ய வேண்டாம், நீ காட்டுகிற கூட்டத்தோடு கூட்டமாகக் கடைசியில் நின்று பார்த்துக்கொள்கிறோம். சகாயமாதா உன்னைக் கைவிடமாட்டாள், உன் நெற்றியில் சிலுவை போட்டு முத்தம் கொடுத்ததாக நினைத்துக்கொள். அங்கே யாராவது வந்து நீங்க யாரு என்று எங்களைக் கேட்டால் நாங்கள் வாயைத் திறக்க மாட்டோம், நீ என்ன சொல்கிறாயோ அதுதான்.

இப்படிக்கு,
உன் அம்மா
ரா. ஆரோக்கியசெல்வி
உப்பளக் கூலி, மரக்காணம்